பிழையே இல்லாத அணி

எங்கள் மேனேஜர் கோதண்டம் ஒரு கருத்தரங்குக்குப் போனார். ஆராய்ச்சியாளராகத் திரும்பி வந்தார். தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில், சின்னத் தொழிற்சாலைகளுக்கு ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஸ்டோர்ஸ் சரக்குக் கணக்குக்கான புரோகிராம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்.

"கோட் ரிவ்யூ பண்ணா பிழை குறையும்னு ஒரு ஸ்டடி பண்ணி நிரூபிக்கப் போறோம்" என்றார். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பிழை பிடிப்பதுதான் ரிவ்யூ. நல்ல விஷயம்தான். ஆனால் நிரூபிக்கவென்றே கிளம்புகிறவர் எதையும் சோதிக்கப் போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஏ அணி ரிவ்யூ செய்யும், பி அணி செய்யாது. பழம் தின்று கொட்டை போட்டவர்களையெல்லாம் ஏ அணியில் போட்டு ஏசி அறையில் உட்கார வைத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பி அணி, ஃபேன் அறை. அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாமே, இல்லாவிட்டால் வித்தியாசம் ரிவ்யூவால் வந்ததா, ஆளால் வந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சீட்டுக் குலுக்க இது இன்னா சீட்டு கம்பெனியாய்யா? பிழை ஜாஸ்தி வர்ற அணியக் கலைச்சிடுவேன். அப்பதான் பயம் இருக்கும்."

எழுதி முடித்த புரோகிராமை ஓட்டிப் பார்த்துப் பிழை பிடிக்கும் டெஸ்டராக பி அணியில் இருந்தவர் ஷாஹிதா. பூந்தமல்லியிலிருந்து வருவார். அவர் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது. அப்படியும் கண்ணில் பட்ட பிழையையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக் கொடுப்பார்.

ஏ அணியில் நடந்தது வேறு. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் ஒவ்வொரு பிழையையும், அதைச் செய்தவர் பெயரையும் கோதண்டம் எல்லோர் முன்னும் உரக்க வாசிப்பார். யாருக்குப் பிடிக்கும்? கேட்டுக்கு எதிரே டீக்கடையில், என் காதுபடவே ஏ அணிக்காரர்களுக்குள் ஒப்பந்தம் ஆனது.

"மாமே, உன்னுத நான் எழுதல, என்னுத நீ எழுதாத. தப்பு கீதுன்னா காதுல சொல்லு, போதும்."

பதிவான பிழை வேறு, இருக்கிற பிழை வேறு என்று கோதண்டத்திடம் போய்ச் சொன்னேன். "வயித்தெரிச்சல்யா உனக்கு" என்று முடித்துவிட்டார். ஏ அணியில் பிழையே இல்லை என்று கலர் கலராக கிராஃப் போட்டார். ஷாஹிதாவைக் கூப்பிட்டு, "உங்க டீம்லதாம்மா தப்பு ஜாஸ்தி" என்றார்.

"கண்டுபிடிச்சது நான் சார். பண்ணது நான் இல்ல."

சொன்னபடியே பி அணியைக் கலைத்து, ஷாஹிதாவை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

ஏ அணி செய்த சாஃப்ட்வேர் ஒரு வால்வு தொழிற்சாலைக்குப் போனது. சில நாளில் அங்கிருந்து ஸ்டோர் கீப்பர் நேரில் வந்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே இது? போல்ட்டு மைனஸ்ல கீது! இல்லாத போல்ட்ட எங்கேர்ந்து எட்த்துக் குடுப்பேன்?"

அந்தப் பிழை ரிவ்யூவிலேயே கண்ணில் பட்டிருந்தது. காதில் சொல்லியும் இருந்தார்கள். சொன்னவரும் மறந்தார், கேட்டவரும் மறந்தார்.

கோதண்டத்தின் அடுத்த கண்டுபிடிப்பு: "ரிவ்யூ வேஸ்ட்டுய்யா." ஜெயித்தது என்று அறிவித்தவரும் அவர்தான், தோற்றது என்று அறிவித்தவரும் அவர்தான். உண்மையில் ஒழுங்கான ரிவ்யூ என்ற ஒன்று அங்கே நடக்கவே இல்லை.

ஒழுங்காக டெஸ்ட் செய்யாமல் இனி எதையும் வாங்க மாட்டோம் என்று தொழிற்சாலைக்காரர்கள் கறாராகச் சொன்னதும், ஷாஹிதாவுக்கு ஆள் போனது. வந்தவர் உட்காரவில்லை.

"நான் சேர்ந்தா பிழை எண்ணிக்கை ஏறும் சார். பரவால்லையா?"

கோதண்டம் மேஜையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

எதை எண்ணப் போனாலும், உண்மையைச் சொல்கிறவருக்கு என்ன ஆகும் என்பதை முதலில் பாருங்கள். அவர் கதி மோசமென்றால் எண்ணவே வேண்டாம். ஷாஹிதா திரும்பச் சேர்ந்த வாரமே எங்கள் பிழை எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அந்தக் கம்பெனியில் நான் நம்பிய முதல் எண் அதுதான்.