வருகைத் தாளில் அலமேலுவின் கையெழுத்து

அலமேலு இறந்த செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. நம் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் போன் செய்து, மழையைப் பற்றிப் பேசி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசி, போனை வைக்கப் போகும் நேரத்தில், "செக்கிங் அலமேலு போயிட்டாங்களாம் மேடம். மூச்சுத் திணறலாம். ஞாயித்துக்கிழமையே எடுத்துட்டாங்களாம்" என்றார். ரிசீவரை வைத்தேன். முதலில் வந்தது துக்கம் இல்லை, ஒரு நிம்மதி. இனி அவர் என்னிடம் எதையும் கேட்கமாட்டார் என்ற நிம்மதி. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

பழைய மாணவர் மலருக்கு யாரைப் பற்றியாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஹைஸ்கூல் கட்டடத்தை மந்திரி வந்து திறந்துவைத்த கதையை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை வேறு யாராவது எழுதட்டும்.

பொம்மனஹள்ளிப் பக்கம் இருந்தவர்களுக்கு அலமேலுவைத் தெரியாமல் இருக்காது. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் லாரி ஓட்டுபவர். வீட்டுக்கு வருவது அபூர்வம். அலமேலு சட்டை தைக்கும் ஃபேக்டரியில் செக்கிங் டேபிளில் இருந்தார். காலரிலிருந்து கீழ் மடிப்பு வரை ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. அப்படித் திரும்பிப் போகும் துணிக்கு அவர்கள் 'ஆல்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருமுறை மகள் கவிதாவின் மார்க் அட்டையை என் மேசையில் வைத்து, "மிஸ், இது ஆல்டர்" என்றார். கூட்டல் தவறு. நான்தான் கூட்டியிருந்தேன். அதிலும் கவிதாவுக்கு ஆறு மார்க் அதிகமாகப் போட்டிருந்தேன். "கொறைச்சிடுங்க, அவளுக்கு வேணாம்" என்று நின்று திருத்த வைத்துவிட்டுத்தான் போனார்.

நான் தலைமை ஆசிரியையாக இருந்த அந்த நாளில் நம் பள்ளி ஏழாம் வகுப்போடு நின்றுவிடும். எட்டாவது படிக்க வேண்டுமானால் ஹோசூர் ரோட்டைத் தாண்டி பஸ் பிடித்துப் போக வேண்டும். ஆண்பிள்ளைகள் போனார்கள். பெண்பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டோடு நின்றார்கள், அல்லது அம்மாவோடு ஃபேக்டரிக்குப் போனார்கள். அதனால் நம் மைதானத்திலேயே ஹைஸ்கூல் கட்டடம் வருகிறது என்ற உத்தரவு வந்த அன்று நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். உத்தரவில் ஒரு வரி: வரைபடம் முடிவாகும் முன் பெற்றோரைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகளிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் அலமேலு கேட்டருகே நின்று கேட்டார். "நெசமாலுமே கேப்பாங்களா மிஸ், இல்ல கேட்ட மாதிரி இருப்பாங்களா?"

"கேப்பாங்க அலமேலு. நீங்க வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வாசலில் ஒரு மேசை போட்டு, வந்தவர்களிடம் வருகைக்குக் கையெழுத்து வாங்கினோம். என்ஜினியர் கொடுத்த தாள் அது. மேலே கால் பக்கம் வெற்றிடம் விட்டு, கீழே வரிசை எண் போட்டிருந்தது. அலமேலு சீக்கிரமே வந்துவிட்டார். ஐந்தாவது எண்ணில், எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கைநாட்டு வைத்தே வந்த பரம்பரையில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் தானே என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருவர் கொடி ஏற்ற மேடை கேட்டார். ஒருவர் தன் பையன் சுவர் ஏறிக் குதிக்காதபடி உயரமான காம்பவுண்டு கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அலமேலு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தின் அருகே போய் மூலையில் விரலை வைத்தார். "சார், பொம்பளப் பிள்ளைங்க டாய்லெட்டு இங்கயா?" மைதானத்தின் பின்கோடி அது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை.

என்ஜினியர் கன்னடத்தில், காற்று அந்தத் திசையில் போகிறது, நாற்றம் வகுப்புக்கு வராது என்று விளக்கினார். அலமேலுவும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "எங்க டேபிள்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாரையும் சோத்து டைம்ல கேட்டேன். ஏன்மா படிப்ப நிறுத்தினேன்னு. ஒருத்தி கூட கணக்கு வரல, இங்கிலீஷு வரலன்னு சொல்லல. ஒதுங்க எடமில்ல, இருந்த எடத்துல நிம்மதியா போக முடியல, அதான் நின்னேன்னு சொன்னாளுங்க. ஹெச்.எம். ரூம் பக்கத்துல கட்டுங்க சார். மிஸ் கண்ணு படுற எடத்துல இருக்கட்டும்." அம்மாக்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்பாக்கள் தரையைப் பார்த்தார்கள். என்ஜினியர், "நோடோணம்மா, பார்க்கலாம்" என்று படத்தைச் சுருட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் அறையில் உட்கார்ந்து என்ஜினியர் அந்த வருகைத் தாளை எடுத்தார். மேலே விட்டிருந்த வெற்றிடத்தில், இணைத்துள்ள வரைபடத்தை ஊரார் பார்த்து ஏகமனதாகச் சம்மதிக்கிறோம் என்று கன்னடத்தில் எழுதி, என் பக்கம் தள்ளினார். "அவங்க சம்மதிக்கலையே" என்றேன். படத்தை மாற்றினால் மறுபடி மேலே போக வேண்டும், மார்ச் தாண்டிவிடும், கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கட்டடம் வேண்டியிருந்தது. நான் சேர்ந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்த கட்டடம். ஸ்டாம்ப் பேடைத் திறந்து என் முத்திரையை வைத்தேன். கழிப்பறை இல்லாத பள்ளிகளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பாடம் நடத்தியவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கோடு கிழித்த அன்று அலமேலு வந்தார். கோட்டுக்குள் நடந்து நடந்து பார்த்தார். பின்கோடிக்குப் போய் நின்றார். திரும்பி வந்து, "மிஸ், அங்கயேதான் கீது" என்றார்.

"மேல மாத்த மாட்டேன்னுட்டாங்க அலமேலு. என் கையில ஒண்ணும் இல்ல" என்றேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது அந்தப் பொய்.

அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டு என்ஜினியர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். மாலையில் நேராகப் பள்ளிக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. "என் கையெழுத்தையே எனக்குக் காட்டுறாங்க மிஸ். நீயே ஒத்துகினியேம்மான்றாங்க. வந்தேன்னுதான போட்டேன், சரின்னா போட்டேன்?" கன்னடம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அடியில் இருந்த முத்திரை யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாங்க மிஸ்" என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாயையும் திறக்கவில்லை.

கட்டடம் எழுந்தது. நல்ல கட்டடம்தான். கவிதா எட்டாம் வகுப்பில் முதல் செட்டில் சேர்ந்தாள். ஆறு மாதம் ஆகவில்லை, சுவர்மேல் தலைகள் தெரிகின்றன என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். புகார் எழுதினேன்; சுவரை ஓர் அடி உயர்த்தினார்கள்; கடைக்குக் குடிக்க வந்தவர்கள் கல் போட்டு ஏறினார்கள். மாணவிகள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார்கள், தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். கவிதாவுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலாகி இரண்டுமுறை ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஒன்பதாம் வகுப்பு பாதியில் அலமேலு வந்து டி.சி. கேட்டார். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் சண்டை போடவில்லை. "உங்களால ஆனத செஞ்சீங்க மிஸ். எனக்குத் தெரியாதா?" என்றார். அந்தச் சான்றிதழிலும் அதே முத்திரையைத்தான் வைத்தேன்.

செய்தி தெரிந்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். கவிதா இப்போது அதே ஃபேக்டரியில் மிஷினில் உட்கார்கிறாள். இடுப்பில் பிள்ளை. காபி கொடுத்தாள். "அம்மா உங்களப் பத்திதான் பேசும் மிஸ். இந்த லைன் வீடுங்கள்ல யாராவது ஸ்கூல திட்டினா சண்டைக்கே போயிடும். மிஸ்ஸுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அந்தக் கட்டடத்த எழும்பவே விட்டிருக்க மாட்டாங்கன்னு சொல்லும்." சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். காபியைக் குடித்து முடித்தேன். பிள்ளையின் பெயரைக் கேட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

அலமேலுவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவர் என்மீது வைத்த நல்லெண்ணம். இத்தனை வருடம் அதை வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க இனி அவர் இல்லை.

மலர் அச்சானதும் முதல் பிரதியை அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். கவிதா ஏழாம் வகுப்பு வரை நம் தமிழ்ப் பிரிவில் படித்தவள். எழுத்துக் கூட்டாமலே வாசிப்பாள்.