கிருஷ்ணகுமாரியின் இரண்டு கைகள்

எஹலியகொடைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் கிருஷ்ணகுமாரி பத்தொன்பது வருஷம் பால் வெட்டினாள். தொண்ணூற்றேழில், மழை விட்ட ஒரு காலையில், பால் வாளியோடு சரிவில் சறுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவளால் மலை ஏற முடியவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை அவளைப் பிள்ளைக் காம்பராவில் போட்டார்.

"மூணு மாசம் பாருங்க. தாய்மாரு சரின்னு சொன்னா நிரந்தரம்."

சரியில்லை என்று சொன்னால் அவளுக்குத் தோட்டத்தில் வேறு வேலை கிடையாது. வேலை இல்லாதவளுக்குக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் நிச்சயமில்லை. அதைத் துரை சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பால் கரைத்துக் கொடுத்து, தொட்டிலில் போட வேண்டும். எல்லாம் அவளுக்கு வந்தது. கைதான் இடைஞ்சல். வெட்டுக் கத்தி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பிய்த்த விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. முதல் வாரமே பிரேமலதா தன் ஆறு மாத மகனின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புச் சிவப்பாகக் கோடுகள்.

"என்னாக்கா இது, பலாப்பழத் தோலால தேச்ச மாதிரி?"

"ஒங்கையி மட்டும் பஞ்சாடி? நீயுந்தானே பால் வெட்டுற."

"எங்கையி அவனுக்குப் பழக்கம். ஒங்கையப் பாத்தாலே அழுவுறான். டாக்டரய்யா வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

அன்று பின்னேரமே கிருஷ்ணகுமாரி தொடங்கினாள். றப்பர் பால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்குத்தான் இளகும் என்பது பால் வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். முதலில் தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டாள். பிறகு தேசிக்காய்ப் பாதியில் சீனி தொட்டுக் காய்ப்புகளைத் தேய்த்தாள். வெடிப்பில் புளிப்புச் சாறு பட்ட இடம் சுரீர் என்றது. பயறு இடித்த மாவால் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு கைகளையும் அமிழ்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியாக, லயத்துக்குப் பின்னால் தோண்டிய பச்சை மஞ்சளை எண்ணெயில் அரைத்து வெடிப்புகளில் அப்பினாள்.

ஒன்பதாம் நாள் வெடிப்புகள் மூடத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் பூசினால் இன்னும் சீக்கிரம் ஆறும் என்று தோன்றியது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போதும் ஒரு தடவை பூசிக்கொண்டாள். அந்தக் கையோடுதான் நான்கு கைக்குழந்தைகளுக்கும் உடம்பு முழுக்க எண்ணெய் தடவினாள்.

வாளியை வைத்துவிட்டு வந்த பிரேமலதா மகனைத் தூக்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் மஞ்சள், வயிறு மஞ்சள்.

"ஐயோ, மஞ்சக் காமாலை."

மற்ற மூன்று தாய்மாரும் தங்கள் பிள்ளைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் டிஸ்பென்சரியில் இருந்தார்கள். கிருஷ்ணகுமாரி நொண்டிக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் ஒரு பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். கண் வெள்ளையாகவே இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது.

"யாரு எண்ணெய் தடவினது?"

கிருஷ்ணகுமாரி இரண்டு கைகளையும் நீட்டினாள். டாக்டர் சிங்களவர். தமிழைச் சுருக்கமாகத்தான் பேசுவார், 'சரி' என்பதற்கு 'ஹரி' என்பார்.

"ஹரி. இது நோய் இல்ல, கறி."

தாய்மார் சிரித்துவிட்டார்கள். பிரேமலதாவுக்கு மட்டும் சிரிப்பு உடனே வரவில்லை.

"கொழம்பு வைக்கத்தான் பாத்தீங்களா எம்புள்ளய?"

"மஞ்சள் வேணாம். எண்ணெய் போதும்," என்றார் டாக்டர். "மூணு மாசம் முடியிறப்ப நான் வந்து பாத்துத்தான் துரைக்கு எழுதுவேன்."

மஞ்சளை விட்டாள். மற்றதையெல்லாம் ஒரு நாள் தவறாமல் செய்தாள். ஒன்றரை மாதத்தில் பிள்ளைகள் குளிக்கும்போது அழுவது நின்றது. ஆனால் வேர்க்குரு காலம் வந்ததும் பிரேமலதாவின் மகன் தூங்க மறுத்தான். என்ன தடவியும் நெளிந்தான்.

"வீட்டுல நான் சொரசொரன்னு முதுகச் சொரிஞ்சு விட்டாத்தாங்க்கா தூங்குவான்," என்றாள் பிரேமலதா, கொஞ்சம் சங்கடத்தோடு.

மறுநாளிலிருந்து கிருஷ்ணகுமாரி இடது கைக்கு எண்ணெய் போடுவதை விட்டாள். பானை கரி தேய்ப்பதையும் விறகு பிளப்பதையும் அந்தக் கைக்கே கொடுத்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் டாக்டர் வந்து கைகளைக் காட்டச் சொன்னார். தொட்டுப் பார்த்தவர் இடது கையின் சொரசொரப்பில் நிறுத்தினார்.

"இது ஏன் இப்பிடி?"

"வலது கையி குளிப்பாட்டுறதுக்குங்க. இது தூங்க வைக்கிறதுக்குங்க."

டாக்டர் பிரேமலதாவைப் பார்த்தார்.

"தூங்குறான் ஐயா," என்றாள் அவள்.

வேலை நிரந்தரமானது. இரண்டு வருஷம் கழித்து பிரேமலதா தன் இரண்டாவது பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இவளுக்கு எந்தக் கையிக்கா?"

"ஒரு வாரம் போகட்டும். அவளே சொல்லுவா."