கம்பம் நடந்த பத்து நிமிடம்

நான் பிடித்து நின்ற அளவைக் கம்பத்தின் கழுத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டம் உண்டு. அதற்குள் கொஞ்சம் தண்ணீர், ஒரு காற்றுக் குமிழி. குமிழி நடுவில் நின்றால் கம்பம் நேராக நிற்கிறது என்று அர்த்தம். கல்லிடைக்குறிச்சி ஆற்றங்கரையில் நாற்பது நாட்களுக்கு மேல் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நடவு, அறுப்பு, சுமை என்று கிடைத்த வேலைக்குப் போவேன். யாரிடமும் அதிகம் பேச வராது. பேசாமல், அசையாமல் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தபோது ஊரில் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டினார்கள்.

வந்தவர் திருநெல்வேலி டவுணைச் சேர்ந்த இன்ஜினியரம்மா. என்னைவிட இருபது வயது இளையவர். பெரிய படிப்புக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் ‘மேடம்’ என்றதும், “அது வேண்டாம் அண்ணாச்சி, வேற யாரையோ கூப்பிடுத மாதிரி இருக்கு” என்றார். அதன்பிறகு ‘அம்மா’ என்று கூப்பிட்டேன்.

வேலையை எனக்குப் புரியும்படி சொன்னார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல், கம்பத்தின் தலையில் இருக்கும் கருவிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் கம்பம் நிற்கும் இடம் தெரியவரும். ஆனால் அதே சிக்னல் தகரத்திலும் சுவரிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி, சற்றுப் பிந்தி வந்து, நேரே வந்ததோடு கலந்துவிடும். அப்போது கருவி இடத்தைத் தப்பாகச் சொல்லும். அக்கரையில் ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்ததைக் காட்டினார். “அந்த அடி ரெண்டு தடவ கேக்குது பாத்தியளா? ஒண்ணு நேரா வருது. இன்னொண்ணு பாலத்துல முட்டிட்டு வருது. ரெண்டையும் பிரிக்கணும். அதான் என் வேலை” என்றார். ரயில் ஊதிக்கொண்டு போனபோது, வரும்போது சத்தம் கூர்மையாகவும் தாண்டியதும் கம்மலாகவும் கேட்பதைக் கவனிக்கச் சொன்னார். செயற்கைக்கோள்களும் ஓடிக்கொண்டிருப்பதால் சிக்னலும் அப்படித்தான் மாறுமாம். அந்த மாற்றத்தையும் கணக்கில் பிடிக்க வேண்டுமாம். “கம்பம் மட்டும் அசையப்பிடாது. நீங்க நிக்கதப் பாத்தா கொக்குக்கே பொறாமை வரும்” என்று சிரித்தார். அவர் ஆறு வளையும் இடத்தைத் தாண்டி, ரோட்டோரம் மற்றொரு கருவியோடு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து நான் தெரியமாட்டேன்.

எங்கள் ஊரில் பெண்கள் படித்துறைக்கு வந்தால் ஆண்கள் துண்டை எடுத்துக்கொண்டு பைய ஒதுங்கிவிடுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை, பெண்கள் வழக்கமாகக் குளிக்கும் துறையில் கல் பெயர்ந்து கிடந்ததால் நான் நின்ற துறைக்கு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். “யாருலே அது, கம்பத்த நட்டு ஆத்தக் காவல் காக்கது?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. கம்பத்தைத் தூக்கிக்கொண்டு பதினைந்து எட்டுத் தள்ளி, தகரம் அடித்த மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அவர்கள் போனதும் தரையில் அடித்திருந்த பழைய ஆணி அடையாளத்திலேயே கொண்டுவந்து வைத்தேன்.

சாயங்காலம் இன்ஜினியரம்மா கேட்டார். “இடையில ஏதும் நடந்துச்சா அண்ணாச்சி?” “ஒண்ணுமில்லம்மா” என்றேன். பெண்கள் குளித்தார்கள், அதனால் ஓடினேன் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். தன் கணக்கில்தான் பிழை என்று அளப்பதை நிறுத்திவிட்டு, மூன்று நாளும் அவர் ரோட்டோரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடந்தார். நடுவில் மாத்திரை போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தலைவலி என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் என் வாய் ‘ஒண்ணுமில்லம்மா’ என்றே சொன்னது.

நாலாம் நாள் முகம் மலர வந்தார். “கணக்கு சரியா வந்துட்டு அண்ணாச்சி. ரெண்டையும் பிரிச்சிட்டேன்” என்று டீயும் ஆமவடையும் வாங்கித் தந்தார். “இனி காலையில வேண்டாம். உச்சிக்கு மேல நின்னாப் போதும்” என்றார். செயற்கைக்கோள்கள் வரும் நேரம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். வடை ருசியாக இருந்தது.

வேலை முடிந்து அவர் போன எட்டாம் மாதம் அவருடைய அப்பா என்னைத் தேடி வந்தார். மகள் போய்விட்டாள் என்றார். ரத்தத்தில் நோயாம். ஆற்றங்கரைக்கு வந்த நாட்களிலேயே இன்ஜினியரம்மாவுக்கு அது தெரியுமாம். ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் பாதியில் நிற்கிறதாம். மகள் வேலை செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். அந்தப் படித்துறையில் நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த மகளுடைய நோட்டைப் புரட்டி என்னிடம் நீட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பத்து நிமிடம் கம்பம் நடந்திருக்கிறது. ரயில் ஓடினால் மட்டுமா, கேட்கிறவர் நடந்தாலும் சத்தம் மாறுமே. கொட்டகைத் தகரத்தில் பட்டு வந்ததைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. இன்று காலை அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன். பெண்கள் குளிக்கிறார்கள். அண்ணாச்சி பாவம், எங்கே போவார்? நேரம் பார்த்து வைக்காதது என் தப்பு. இனி அவரிடம் கேட்கக் கூடாது.’

“உம்ம எடத்துல நான் நின்னாலும் அதத்தான் செஞ்சிருப்பேன் வே” என்றார் பெரியவர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவர் மகளிடம் இருந்ததே எண்ணிப் பார்க்கும்படியான நாட்கள்தான். அதில் மூன்றை என் கூச்சம் தின்றுவிட்டது. நகர்ந்ததற்கு இன்ஜினியரம்மா காரணம் கண்டுபிடித்து மன்னித்தார். மூன்று முறை கேட்டும் சொல்லாமல் இருந்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று நோட்டில் தேடினேன். அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போதும் கம்பம் பிடிக்கத்தான் போகிறேன். யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. போன வாரம் சேரன்மகாதேவிப் பக்கம் ரோடு அளந்தார்கள். “சார், கம்பம் அசைஞ்சிட்டு. திரும்ப எடுங்க” என்றேன். அளந்துகொண்டிருந்தவர் வெயிலில் நடந்து வந்து பார்த்தார்.

“குமிழி நடுவுலதான வே நிக்குது?” என்றார்.

நடுவில்தான் நின்றது.