மகளுக்கு ஊர் தேடிய வருடம்

மகளுக்கு மாப்பிள்ளை தேடிக் களைத்த அம்மாக்களை எனக்கு நிறையத் தெரியும். நான் என் மகளுக்கு ஊர் தேடிக் களைத்தவள். எண்பதுகளின் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவள் எங்கே வேலை பார்ப்பாள், எங்கே தங்குவாள் என்பதுதான் காலையிலும் இரவிலும்.

திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியை. கணவர் மின்வாரியத்தில் இருந்தார். ஒரே மகள் தாவரவியல் படித்து முடித்திருந்தாள். கூரைக்குக் கீழே அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். வாரத்தில் மூன்று நாளாவது விடியும் முன் கிளம்பி மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு எட்டு மணிக்கு வருவாள். பாவாடை ஓரமெல்லாம் நெருஞ்சி முள்ளாக இருக்கும். டிபன் டப்பாவில் ஏதாவது விதை இருக்கும். தெருவில் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். அவளுக்குச் சாமி நம்பிக்கை உண்டா இல்லையா என்பது எனக்கே தெரியாது. நான் கேட்டதில்லை.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. எழுபதுகளின் முடிவில், அவளுக்குப் பதினாறு வயதில், ஓர் ஐப்பசி மாத மழை நாளில் சொல்லாமல் மலை ஏறிவிட்டாள். ஈரப் பாறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. புல் அறுக்கப் போன இரண்டு பெண்கள் புல்கட்டைப் போட்டுவிட்டு, அவளை மாற்றி மாற்றி முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பள்ளி விட்டு அப்போதுதான் வந்திருந்தேன். மூத்தவள் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“இன்னாம்மா டீச்சரு, பொண்ண மலைக்கு அனுப்பிட்டு நீ ஊட்ல காபி போட்டுனுகீறியா?”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். மகள்கூட வலியோடு சிரித்தாள். நான்தான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எலும்பு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. அவள் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் பயம் மட்டும் போகவில்லை. பாடம் நடத்தும்போது மழை தூறினால் சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து மலையைப் பார்ப்பேன். இன்றும் மழை சத்தம் கேட்டால் முதலில் அவள் எங்கே இருப்பாள் என்றுதான் மனம் போகிறது.

படிப்பு முடிந்து ஒரு வருடம் விண்ணப்பம் போட்டு அலைந்த பிறகு, ஒரே மாதத்தில் இரண்டு வேலை வந்தன. ஒன்று மெட்ராஸில், என் அண்ணன் சொல்லி வைத்திருந்த கம்பெனியில் ஆபீஸ் வேலை. மாம்பலத்தில் அண்ணன் வீட்டு மாடியிலேயே தங்கலாம். இன்னொன்று ஜவ்வாது மலையில். அங்கே மரக்கன்று வளர்த்து மலைக் கிராமங்களுக்குக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம், நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தது. சம்பளம் பாதி. போளூர் வழியாக நாளைக்கு இரண்டு பஸ். மழைக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை.

“அங்க உடம்புக்கு ஒண்ணுன்னா யாருடி இருக்கா?” என்பேன்.

“அங்கயும் மனுஷங்கதான்மா இருக்காங்க.”

“மெட்ராஸ்ல மாமா இருக்காரு, ஆஸ்பத்திரி இருக்கு, பீச் இருக்கு. நடக்கணும்னா பீச்ல நட.”

“பீச்ல சுண்டல் விக்கறவன் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கணுமா?”

இப்படியே ஒன்றரை மாதம். சாப்பிடும்போது சண்டை, துணி மடிக்கும்போது சண்டை. கணவர் இரண்டு பக்கமும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஒரு நாள் அவரும் தாங்காமல் தட்டைத் தள்ளி வைத்தார்.

“ரெண்டு பேரும் கத்தனது போதும். பூ போட்டுப் பாத்துடலாம்.”

அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம். நிலம் வாங்குவது, பெண் எடுப்பது, எதுவானாலும் அடி அண்ணாமலை கோயிலுக்குப் போவார்கள். ஒரே அளவில் இரண்டு இலைப் பொட்டலம், ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. எந்த நிறத்துக்கு என்ன என்று முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். குருக்கள் இரண்டையும் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதைப் பிரித்துப் பார்த்த பிறகு மறுபேச்சு கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். நான் படித்தவள், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று நான்தான் முதலில் தலையாட்டினேன். மகளும் சரி என்றாள். வெள்ளை என்றால் மெட்ராஸ், சிவப்பு என்றால் மலை.

பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை. வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். இரண்டு அரளியும் பக்கத்தில் பக்கத்தில் பூத்திருந்தன. வாழையிலையைக் கிழித்தேன். முதல் துண்டில் வெள்ளையை வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவதிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். தடுமாற்றத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை. முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

மூவரும் டவுன் பஸ்ஸில் போனோம். கோயிலில் கூட்டம் கம்மி. குருக்கள் என் கணவரைத் தெரிந்தவர்.

“என்ன, பொண்ணுக்கு வரனா?”

“வேலைங்க சாமி. ரெண்டு எடத்துல வந்திருக்கு.”

“பேஷ். ஊர்ல அவனவன் ஒண்ணு கிடைக்காம அலையறான். உங்களுக்கு ரெண்டு வந்து அதுல ஒரு சங்கடமா?”

சிரித்துக்கொண்டே பொட்டலங்களைத் தட்டில் வாங்கிப் போனார். கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அவள் நாரை அவிழ்த்தாள். வெள்ளை.

“சரி,” என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அப்போதே என்னவோ போல் இருந்தது. குருக்கள் தட்டை நீட்டினார். மீதிப் பொட்டலத்தை எடுக்க நான் கையை நீட்டினேன். எப்போதும் நிதானமாக இருப்பவள் அன்று கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. மகள் என் கையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பொட்டலத்தை அவளே எடுத்து அங்கேயே பிரித்துவிட்டாள்.

“அதப் பிரிக்கக் கூடாதும்மா,” என்று குருக்கள் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைப் பூ தெரிந்துவிட்டது. அவர் வேறு யாருக்கோ விபூதி கொடுக்கப் போய்விட்டார். கணவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் வெளியே வந்து செருப்பைக்கூடப் போடாமல் நடக்கத் தொடங்கினாள். கணவரைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அந்த வயதில் எனக்கு அவள் வேகம் வராது. புளியமரங்களுக்குக் கீழே ரொம்ப தூரம் போன பிறகு அவளாகவே நின்றாள்.

“ஏன்மா?”

“நீ விழுந்தப்போ என்ன நெனச்சேன்னு உனக்குத் தெரியாது.”

“அது ஆறு வருஷம் முன்னாடி.”

“எனக்கு ஆறு வருஷமா தெனமும்தான்டி.”

அவள் என் கையிலிருந்த செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“வெள்ளை வந்துட்டா உங்கூடச் சண்டை போடாம மெட்ராஸ் போயிடறேன்னு மனசார வேண்டிக்கினு நின்னேன். நெஜமாவே போயிருப்பேன்மா.” கொஞ்சம் மூச்சு விட்டாள். “செவப்புன்னு ஒண்ணு உள்ள இருந்திருந்தா.”

மீதித் தூரத்தை அவள் என் வேகத்துக்கு நடந்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், மெட்ராஸுக்கு வரவில்லை என்று மாமாவுக்கு அவளே கார்டு எழுதிப் போட்டாள். தபால் கார்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

தை மாதத்தில் அவளை ஜவ்வாது மலையில் கொண்டுவிட நான் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வந்திருப்பாரா தெரியாது, அந்தப் பொட்டலத்தைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது எனக்கு இரண்டு முறை வாந்தி வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை, பக்கத்திலேயே சமையல் செய்யும் அம்மாவின் வீடு, சரிவில் வரிசை வரிசையாக நாற்றுப் பாத்திகள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் எங்கே எடுப்பது என்று பார்த்தேன். அருகில் டாக்டர் யார் என்று சமையல் அம்மாவிடம் கேட்டேன். “போளூரு போவணும்” என்றார். மகள் இதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவு செங்குத்தாக இருந்தது. எச்சரிக்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

மதியப் பஸ்ஸுக்கு என்னோடு ரோடு வரை வந்தாள். நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டேன்.

“எம்மேல உனக்கு இன்னும் கோவமாடி?”

“இப்போ எதுக்குமா அது. பஸ் வருது பாரு. முன்னால சீட்ல ஒக்காரு, வாந்தி வராது.”

கோபம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. நான் முன்னால் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் டீ குடித்துவிட்டு வரக் கொஞ்ச நேரமாயிற்று. பஸ் கிளம்பும்வரை அவள் நிற்கவில்லை. நாற்றுக்குத் தண்ணீர் விடும் நேரம் என்று சொல்லிவிட்டு, குறுக்கு வழியில் சரிவில் வேகமாக இறங்கிப் போனாள்.