எங்கள் பெயருக்குள் இல்லாத வெள்ளைக்காரன்

எங்கள் குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயர். கிளிநொச்சியில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் படிவத்தைப் பார்த்துவிட்டு ஒரு தரம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அறுபது வயது வரைக்கும் அது எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

எங்கள் பூட்டனுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரைதான் தகப்பன் என்பது அப்பா சொன்ன கதை. ஆதாரம்? என் தம்பியின் பூனைக்கண்ணும் என் வெள்ளைத் தோலும். வேறு ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்குக் குடியேறி வந்தவர்கள் நாங்கள். வன்னியில் புதிதாக ஒருவரைக் கண்டால் இரண்டாவது கேள்வி, "நீங்கள் எந்த ஊர், ஆற்ற ஆக்கள்?" என்பதுதான். ஊரைக் கேட்பது ஊருக்காக இல்லை, சாதியை அறியத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. "நாங்கள் வெள்ளைக்கார வழி" என்பார். கேட்டவரின் வாய் அதோடு அடைத்துப் போகும். நானும் அந்தப் பதிலைச் சொல்லியே வளர்ந்தேன், இங்கிலீஷ் ரீச்சராக இருந்து ஓய்வும் பெற்றேன்.

நாலு வருசத்துக்கு முன் ஒரு பின்னேரம், ஓமந்தையிலிருந்து ஒருவர் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். சீமெந்தை அச்சில் போட்டுக் கல் அரியும் வேலை செய்கிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சேர்ட் பொக்கற்றிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதே ஆங்கிலப் பெயர்.

"அக்கா, உங்கட அப்பப்பாவும் என்ர அப்பப்பாவும் கூடப்பிறந்த ஆக்கள். எங்கட ஐயா சாகேக்கை சொன்னவர்."

அவர் வந்த காரணத்தையும் மறைக்கவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பெடியன் நல்ல இடம், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கத்தில் ஆர் ஆக்கள் என்று கேட்கிறார்கள். மனைவியின் சொந்தமெல்லாம் சண்டையில் போய்விட்டது. அவருடைய சொந்தத் தமையன் கனடாவுக்குப் போய்த் தொடர்பில்லாமலே இறந்துவிட்டார். "கலியாணச் சபையில எங்கட பக்கம் ஒரு கதிரையில இருக்க ஆளில்லை அக்கா. நீங்கள் ஒருக்கா வந்து நிண்டாப் போதும். வேற ஒண்டும் வேண்டாம்."

நான் அவரைக் கூடத்துக்குள் கூப்பிடவில்லை. வெளிக் கதிரையில் இருத்தினேன். அலுமாரியில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் பன்னிரண்டு இருந்தன. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப்பில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். இந்தக் காலத்தில் அது வலு வசதி. குடித்துவிட்டு எறிந்துவிடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் குடித்து முடித்ததும் கப்பைக் கசக்காமல், எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே பேர் எண்டாப்போல எல்லாரும் சொந்தமில்லை. நீர் வேற ஆரையும் விசாரிச்சுப் பாரும்" என்றேன். நீர்! அவர் எனக்கு அக்கா போட்டு, நீங்கள் போட்டுக் கதைக்கிறார். நான் நீர் என்கிறேன். முப்பத்தைந்து வருசம் பிள்ளைகளுக்கு மரியாதை படிப்பித்த வாய்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதுதான் கூடின வெட்கம். எனக்கு அந்தத் தொடர்பு தெரியும். எட்டு வயதில், ஓமந்தையிலிருந்து வந்த கலியாணக் காட் ஒன்றை அப்பா வாசிக்காமலே கிழித்ததைக் கண்டேன். கிழிந்த துண்டில் எங்கள் பெயர் அச்சடித்திருந்தது. "ஆரப்பா இவை?" என்று கேட்டதற்கு, "சின்னப்பாட்டா சாதி கெட்டுப்போய்க் கட்டினவர். அதுகளோட எங்களுக்குக் கதை இல்லை" என்றார். ஐம்பது வருசமாக அந்தத் துண்டு என் மனதில் கிடந்தது. கேற்றடியில் அந்த அடையாள அட்டையைக் கண்டதும் ஞாபகம் வராமல் இல்லை. நான்தான் தெரியாத மாதிரி நின்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு கிழமை கழித்து மாப்பிள்ளையின் மாமனும் மாமியும் மோட்டார் சைக்கிளில் விசாரிக்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் இந்த விசாரணை இல்லாமல் நடக்காது. சும்மா வந்ததுபோல வந்து, வெயிலைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கதைத்து, எழும்பும்போதுதான் கேட்பார்கள். இவர்களைக் கூடத்தில் இருத்திப் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல உடுப்பு உடுத்த ஆக்கள் அல்லவா!

"ஓமந்தையில ஒரு பகுதி, உங்கட பேர்தான். உங்களுக்குச் சொந்தமோ ரீச்சர்?"

"எங்களுக்கும் அவைக்கும் ஒரு தொடுசலும் இல்லை. எங்கட பேர் வழிவழியா இரத்தத்தில வாறது. அவை ஞானஸ்நானம் எடுக்கேக்கை ஆரும் வைச்ச பேராயிருக்கும்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாத நாக்கு. அந்தக் கலியாணம் குழம்பிப் போனது. பெண் எந்தச் சாதியோ என்று அந்த ஆக்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று எங்கள் சேர்ச்சில் கதை அடிபட்டது. நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தேன்.

போன வருசம் லண்டனில் இருக்கும் என் தம்பிக்கு அவனுடைய மகள் நத்தார்ப் பெருநாள் பரிசாக ஒரு பெட்டி கொடுத்தாள். சின்னக் குழாயில் துப்பி அனுப்பினால் மரபணுவைப் பார்த்து இன்ன நாட்டு இரத்தம் இவ்வளவு என்று சொல்லுவார்களாம். தம்பிக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. ஏற்கெனவே எங்கள் பெயருள்ள ஒரு கிராமத்தைத் தேடிப் போய், அங்கத்தைய சேர்ச் வளவில் இருந்த கல்லறைகளைப் படமெடுத்து அனுப்பினவன். "இதுகள் எங்கட ஆக்கள் அக்கா" என்று எழுதியிருந்தான். நானும் அந்தக் கல்லறைகளை அயலட்டைக்குக் காட்டினேன். ஆரோ ஒரு செத்த வெள்ளைக்காரிக்கு நான் பேத்தி ஆகினேன், போங்கள்!

முடிவு வந்த அன்று வீடியோவில் அழைப்பு எடுத்தான். முகம் செத்திருந்தது.

"ஒரு சொட்டும் இல்லை அக்கா."

"என்ன இல்லை?"

"இங்கிலீஷ்காரன் இல்லை. ஐரோப்பாவே இல்லை. முழுக்க இலங்கையும் தென்னிந்தியாவும்தான்."

"மெசின் பிழையாயிருக்கும். திருப்பித் துப்பு" என்றேன்.

துப்பினான். வேறு கொம்பனிக்கு. அதே முடிவு. பிறகு அவன் இருந்து வாசித்துத்தான் விசயம் பிடிபட்டது. அந்தக் காலத்து மிஷன் போர்டிங் பள்ளிக்கூடங்களில், கடல் கடந்து இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்பைப் பொறுப்பெடுத்தால், அவர் பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அந்த மனிதர் இங்கே வந்திருக்கவும் மாட்டார், பிள்ளையைக் கண்டிருக்கவும் மாட்டார். எங்கள் பூட்டனும் அப்படி ஒரு பொடியனாய்த்தான் இருந்திருப்பார். சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் போர்டிங்கில் விடப்பட்ட பிள்ளை. ஞானஸ்நானத்தில் ஆரோ வைத்த பெயர். ஓமந்தைக்காரரைப் பற்றி நான் சொன்ன அதே வசனம்! சீ, எனக்கு என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

அப்போதும் என் புத்தி ஓர் ஓட்டை தேடியது. ஒரே வெள்ளைக்காரர் இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்திருக்கலாமே, பெயர் ஒன்றாய் இருந்தாலும் இரத்தம் வேறாக இருக்கலாமே என்று தம்பியிடம் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் அந்த ஓட்டையும் அடைபட்டது. கனடாவில் ஒரு பிள்ளையின் மரபணு தம்பியுடையதோடு பொருந்துகிறது, இரத்தச் சொந்தம் என்று அறிவித்தல் வந்தது. அந்தப் பிள்ளை தம்பிக்கு எழுதியிருந்தாள். தன் தகப்பன் இறந்துவிட்டாராம். சித்தப்பா ஒருவர் ஓமந்தையில் கல் அரிகிறாராம். அவரைத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

அடுத்த நாளே பஸ் ஏறினேன். கையில் ஒரு கேக்கும் அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கமும் இருந்தன. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது ஒரே தண்ணீர் பவுசர் லொறிக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வாளியோடு நின்றோம். அன்றைக்கு ஒருவரும் ஒருவரையும் ஆற்ற ஆக்கள் என்று கேட்கவில்லை. வீடு கட்டி, கேற்றுப் போட்ட பிறகுதான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பஸ்ஸில் இதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய், இருந்த ஒரே நல்ல கதிரையில் இருத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துரை இல்லை என்பதையும், அப்பா கிழித்த கலியாணக் காட்டையும், விசாரிக்க வந்தவர்களிடம் நான் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். தமையனின் மகள் தேடுகிறாள் என்றதும் இலக்கத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்றவற்றைக் கேட்டபோது விரல் இடுக்கில் காய்ந்திருந்த சீமெந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்னை மன்னியுங்கோ. இனிப் பிள்ளைக்கு எங்க பேசினாலும் நான் வாறன். எங்கட ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து சபையில இருக்கிறன்."

குசினி வாசலில் மகள் தேத்தண்ணியோடு நின்றாள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. அப்படியே என் சின்ன வயது முகம். கோப்பையை என் கையில் தந்துவிட்டுத்தான் கதைத்தாள். கோபமாகக் கதைத்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வேண்டாம் மாமி. தர்மபுரத்தில ஒரு இடம் பேசியிருக்கு. எங்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு அப்பா அவைக்குச் சொல்லிப்போட்டார். அவையும் பரவாயில்லை எண்டிட்டினம். இப்ப நீங்கள் வந்து நிண்டா, இவ்வளவு நாளும் எங்க இருந்தனீங்கள் எண்டு கேப்பினம். முதல் பேச்சு ஏன் குழம்பினதெண்டும் தோண்டுவினம். சொந்த மாமியே வேண்டாமெண்டு சொன்ன பிள்ளையெண்டு எனக்குப் பேர் வரும்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் அதைத் திரும்ப எடுத்து என் கையில் தந்தாள்.

"பேர் ஒண்டெண்டபடியால் உங்களிட்டையும் விசாரிக்க வருவினம். அண்டைக்குச் சொன்னதையே சொல்லுங்கோ மாமி. அது போதும்."

மாமி என்று கூப்பிட்டுக்கொண்டே மாமி இல்லை என்று சொல்லச் சொன்னாள். அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியாது. கேக்கை வெட்டாமலே வைத்துவிட்டு வந்தேன்.

அவள் சொன்னபடியே தர்மபுரத்தார் போன மாதம் வந்தார்கள். தாயும் தகப்பனும், நல்ல சாதுவான சனம். வெயிலைப் பற்றிக் கதைத்தோம். நெல்லைப் பற்றிக் கதைத்தோம். எழும்பும்போது அந்தத் தாய் கேட்டார்.

"ஓமந்தையில இருக்கினமே, அவை உங்கட சொந்தமோ ரீச்சர்?"

"எங்களுக்கும் அவைக்கும் ஒரு தொடுசலும் இல்லை" என்றேன். நாக்கு அன்றுபோலச் சுழலவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "ஆனா அருமையான ஆக்கள். அந்தப் பிள்ளை தங்கம். கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ."

அந்தத் தாயின் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாருங்கோவன், சொந்தமெண்டா விட்டுக்குடுக்காமல் கதைப்பினம். ஒரு சொந்தமும் இல்லாத நீங்களே இப்பிடிச் சொல்லேக்கை, வேற என்ன விசாரணை?"

ஓம், என்றேன்.