திருநகரில் ஒரு பிரவுசிங் சென்டர் பஞ்சாயத்து

போன மாதம் நான் மதுரைக்குப் போனது கோயிலுக்கும் இல்லை, ஜிகர்தண்டாவுக்கும் இல்லை. சண்டை போடத்தான் போனேன். திருநகரில் இருக்கும் என் அண்ணன் மகள் கவிதா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் போட்டோவைப் போட்டு எவனோ இணையத்தில் பொய்யாக ஒரு பக்கம் திறந்துவிட்டான். அலைந்து திரிந்து அதை நீக்கியாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தெருவிலுள்ள பிரவுசிங் சென்டரில் பெற்றோர்கள் கூடி, இனி பெண் பிள்ளைகள் அப்பாவோடு வந்தால்தான் அனுமதி என்று விதி போடப் போவதாகப் போனில் அழுதாள். அண்ணனுக்குக் கப்பலூரில் ஷிப்டு வேலை. அவர் எப்போது வந்து, இவள் எப்போது சென்டரில் உட்கார்ந்து கல்லூரிக்கு விண்ணப்பிப்பது? விடக்கூடாது என்று கிளம்பிவிட்டேன்.

திருச்சியில் காலை ஐந்தரை மணி பஸ். எட்டரைக்கு மதுரை மாட்டுத்தாவணி. பெரியார் பஸ் நிலையம் போய் அங்கிருந்து திருநகருக்கு டவுன் பஸ். எட்டு கிலோமீட்டர், மூன்று ரூபாய். "உள்ள போங்கக்கா, இம்புட்டு இடம் கெடக்குல்ல!" என்றார் கண்டக்டர். எங்கே கிடந்தது என்று பசுமலை தாண்டியும் எனக்குத் தெரியவில்லை.

சென்டருக்குள் அப்பாக்கள் நிறைந்திருந்தார்கள், என் அண்ணனும் ஒரு ஓரமாக இருந்தார். கவிதாவும் இரண்டு தோழிகளும் வெளியே படியில் நின்றார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. "விதி இவங்களுக்குத்தானே? இவங்க இல்லாம என்ன பேச்சு?" என்று மூவரையும் உள்ளே இழுத்துப் போனேன்.

"பாதுகாப்புக்குத்தானக்கா சொல்றோம்" என்றார் சென்டர் நடத்தும் முருகேசன்.

"அண்ணே, அன்னைக்கும் அப்பா கூடத்தான் வந்தேன்." கவிதா முன்னால் வந்து நின்றாள். "போட்டோவ ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புனோம். அது உங்க கம்ப்யூட்டர்லயே கெடந்துருச்சு. எங்களுக்குப் பெறகு வந்து உக்காந்தவன் எடுத்துக்கிட்டான். அப்பா பக்கத்துல இருந்து என்ன செய்ய?"

அவளே அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஸ்கேன் செய்தவை கிடந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். தெருப் பெண்களின் போட்டோக்கள் வரிசையாக வந்தன. அதில் பள்ளிச் சீருடையில் முருகேசனின் மகளும் இருந்தாள். மனுசர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"நாங்கூடத்தான் இருந்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியலயே" என்றார் என் அண்ணன். பாவமாக இருந்தது.

"சரி, என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்கத்தா" என்றார் முருகேசன் பிள்ளைகளிடம். அவர்கள் சொன்னார்கள். ஸ்கேன் செய்த போட்டோவைத் தங்கள் கண்முன்னே அழிக்க வேண்டும். கேபின் திரைகளைக் கழற்ற வேண்டும். எவனாவது தொல்லை கொடுக்கிறான் என்று சொன்னால், வீட்டுக்கு அனுப்ப வேண்டியது பெண் பிள்ளைகளை அல்ல, அவனை. ஒரு அப்பா முணுமுணுத்தார்தான். ஆனாலும் பிள்ளைகள் சொன்ன விதிகள் அன்றே சுவரில் ஒட்டப்பட்டன. அப்பா விதி போயே போய்விட்டது.

சென்டரில் போட்டோ ஸ்கேன் செய்பவர்கள், எழுந்திருக்கும் முன் அதை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள். உங்கள் தெருவிலும் இப்படிக் கூட்டம் போட்டால், பிள்ளைகளைப் படியில் நிறுத்தாமல் முதலில் உள்ளே உட்கார வையுங்கள்.

நேற்று கவிதாவிடமிருந்து மெயில் வந்தது. விண்ணப்பம் அனுப்பிவிட்டாளாம். கடைசியில் எழுதியிருந்தாள்: "அத்தை, சென்டருக்குத் தனியாத்தான் வந்தேன். அப்பா ஷிப்டுக்குப் போயிருக்காரு."