எண்பத்து மூன்று கைகள்

கடல்கடந்து வந்து குடியேறிய எங்கள் தமிழ் முதியோர் வட்டத்தில் நாற்காலி போடுவது என் வேலை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு முப்பத்திரண்டு நாற்காலிகள். யாரும் கணக்குக் கேட்பதில்லை. எண்ணாவிட்டால் எனக்குத்தான் நிம்மதி இருக்காது. மாதம் ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும் என்பது வட்டத்தின் வழக்கம். என் முறை வந்தபோது பழைய எகிப்தின் போர் மன்னர் ஒருவரை எடுத்துக்கொண்டேன்.

"த்ரீ கிங்ஸில இருக்கிற ஆள் ராசாவைப் பற்றித்தானே கதைக்கும்" என்றார் நண்பர். மன்னார்க்காரர். இந்த நகரின் விரிப் பகுதியில் ஒரு கிடங்கில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழு வயது இளையவர். என் மனைவி போனபின் என்னோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

"எங்க பேட்டைக்குப் பேர்லதான் மூணு ராஜா மலை. மலை ஒண்ணுதான் மிச்சம். ரெண்டை வெட்டி எடுத்துட்டாங்க" என்றேன்.

"கணக்கர் அண்ணை அதையும் எண்ணிப் பாத்திட்டியளோ?"

ஆறு வாரம் அந்த மன்னரோடு இருந்தேன். சிற்றன்னை ஆண்ட இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் காத்திருந்தவர். ஆட்சி தனியே கைக்கு வந்ததும் வடக்கே மெகிதோ கோட்டை மீது படையெடுத்தார். போவதற்கு மூன்று வழிகள். தளபதிகள் அகலமான வழிகளைச் சொல்ல, அவர் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டிய கணவாயைத் தேர்ந்தார். வென்றார். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வீரமில்லை. அவருடைய எழுத்தர்கள். பிடித்த தேர்கள் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு, குதிரைக் குட்டிகள் நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொன்ற பகைவரின் கையை வெட்டிக் குவித்தும் எண்ணினார்கள். எண்பத்து மூன்று. ஆளுக்கு ஒரு கை, தவறு வராது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முப்பத்தைந்து வருடம் உழைத்த எனக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போயிற்று.

திருச்சியில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவன் நான். எண்ணைச் சொல்லி நிறுத்தினால் கைதட்டல் வர வேண்டும். தேர்களுக்குத் தட்டினார்கள். குதிரைகளுக்குத் தட்டினார்கள். "எண்பத்து மூன்று கைகள்!" என்று நிறுத்தியபோது சத்தம் குறைவாக இருந்தது. "என்ன, நம்ம கையெல்லாம் எங்கே போச்சு?" என்றேன். சிரித்துக்கொண்டு பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் நண்பரின் கைகள் மட்டும் மடியில் கிடந்தன. பார்த்தேன். பார்த்தும் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன்.

அடுத்த புதன் அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். "அவர் பின்வளவில தோட்டத்துக்குள்ள நிக்கிறார் அண்ணை" என்று இரண்டு முறையும் அவர் மனைவிதான் சொன்னார். மூன்றாவது புதனும் அந்த நாற்காலி காலியாக இருந்தது. மறுநாள் பஸ் மாறி ஏவன்டேலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கோ" என்றார். கணக்கர் என்று சொல்லவில்லை.

"உடம்புக்கு ஏதாச்சும்…"

"ஒண்டுமில்லை." தேநீர் வந்தது. கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்: "ராசாவின்ர ஆக்களில எத்தினை பேர் செத்தவை?"

"நான் படிச்சதுல அது இல்லீங்க."

"எதிரியை மட்டும்தான் எண்ணினவையோ?"

"ஜெயிச்ச கணக்கைத்தானே செவுத்துல எழுதுவாங்க."

"என்ர தம்பி சண்டையில காணாமப் போனவன். இவையின்ர கணக்கிலயும் இல்லை, அவையின்ர கணக்கிலயும் இல்லை. அம்மா சாகுமட்டும் அவனுக்கும் சேத்துத்தான் சோறு போட்டவ. நீங்கள் கை தட்டச் சொன்னியள், அண்ணை."

பழகிய புதிதில் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். நாலு பேர் என்றார். எண் கிடைத்தது, அதோடு விட்டுவிட்டேன். வருடம் பதினொன்று ஆகிறது.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "வர்ற புதன் வருவீங்களா?"

"பாப்பம்."

அந்தப் புதன் எல்லோரும் உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினேன். மன்னரின் பக்கம் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் படித்த எதிலும் இல்லை, அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை என்றேன். அந்த எண்பத்து மூன்று கைகளுக்கும் கைதட்டக் கேட்டது அதைவிடப் பெரிய பிழை என்றேன். பேச வந்தது அவ்வளவுதான். நிமிர்ந்தபோது அவர் கதவருகே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

தேநீர் வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். பிறகு தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காணாமல் போனபோது அவனுக்கு வயது என்ன என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"பாரைமீன் குழம்பெண்டா அவனுக்கு உயிர்" என்றார். "ஆனா முள்ளெடுக்கத் தெரியாது. நான்தான் எடுத்துக் குடுப்பன்."